ஹோல்டன் ஏன் எல்லாரையும் கரித்துக்கொட்டுகிறான்?

நீங்கள் கேட்டிருப்பது இது: ‘தி கேட்சர் இன் த ரை’ நாவலில் பாதி தாண்டவில்லை, அதற்குள் எரிச்சல் வந்துவிட்டது. கதை சொல்லும் ஹோல்டன் கால்ஃபீல்டு என்ற பதினாறு வயதுப் பையன் கண்ணில் படுகிறவர்களை எல்லாம் போலி என்கிறான், மடையன் என்கிறான். அவனோ வாயைத் திறந்தால் பொய். இவன் ஏன் இப்படி? இதை எதற்குக் கொண்டாடுகிறார்கள்? இந்தக் கேள்விக்குள் இன்னொன்றும் ஒளிந்திருப்பதாக எனக்குப் படுகிறது. அவன் சொல்லும் தீர்ப்புகளை நாமும் ஆமோதிக்க வேண்டும் என்று ஆசிரியர் ஜே. டி. சாலிஞ்சர் எதிர்பார்க்கிறாரா என்பதுதான் அது. உங்கள் எரிச்சலில் பாதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். பதில் சொல்வதற்கு நீங்கள் இன்னும் படிக்காத பகுதிகளையும் தொட வேண்டியிருக்கும். 1951இல் வந்த புத்தகம். அடுத்து என்ன நடக்கும் என்ற பரபரப்பை நம்பி எழுதப்பட்டதும் இல்லை. அதனால் பெரிய நஷ்டம் வராது.

நான் கல்லூரியில் 21 ஆண்டுகள் ஆங்கில இலக்கியம் நடத்தியவன். அதில் பாதிக் காலமாவது இந்த நாவலை வகுப்பில் வைத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம், “இவன் அப்படியே நான்தான் சார்” என்பார்கள். இன்னொரு பக்கம், “வசதியான வீட்டுப் பையனுக்குக் கொழுப்பு சார், வேறென்ன” என்பார்கள். இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலும் வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் இருப்பார்கள். கட்டணத்துக்காக அப்பா வாங்கிய கடன் கணக்கு மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைக்கு, நாலாவது பள்ளிக்கூடத்திலிருந்தும் சாவகாசமாக வெளியேற்றப்படுகிறவன்மேல் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தக் கோபத்தை நான் ஒருநாளும் தவறு என்று சொன்னதில்லை. உளவியல் என் பாடம் அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் அச்சாகியிருப்பதை வைத்துத்தான் நான் பேச முடியும்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். அவன் மூச்சுக்கு மூச்சு சொல்லும் ‘ஃபோனி’ என்பதைத் தமிழில் ‘போலி’ என்று எழுதினால் அகராதி ஒத்துக்கொள்ளும், காது ஒத்துக்கொள்ளாது. போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்றால் அங்கே அசல் வேறு எங்கோ இருக்கிறது. ஹோல்டன் சொல்வது அது இல்லை. ஒருமுறை வகுப்பில் இதற்குத் தமிழ்ச் சொல் கேட்டேன். ‘பந்தா’ என்றார்கள், ‘சீன் போடுறது’ என்றார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், “நடிக்கிறாங்க, அவ்வளவுதான் சார்” என்றாள். அதற்கு மேல் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. நம் பேச்சில் ‘நடிக்கிறான்’ என்றால் மேடையில் நடிப்பதும் ஆகும், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சிரிப்பதும் ஆகும். ஹோல்டனுக்கும் இரண்டும் ஒன்றுதான். அவனுக்கு நடிகர்களையே பிடிக்காது. மோசமாக நடித்தால் மனுஷன் மாதிரி இல்லை என்பான்; நன்றாக நடித்தால், தான் நன்றாக நடிப்பது அவர்களுக்கே தெரிகிறது, அதனால் கெட்டுப்போகிறது என்பான். எர்னி என்ற பியானோக்காரர் வாசித்து முடித்து, கைதட்டல் வந்ததும் பணிவாகத் தலை குனிகிறார். அந்தப் பணிவைப் பார்த்துத்தான் இவனுக்குக் குமட்டுகிறது. தான் பியானோ வாசிப்பவனாக இருந்தால் அலமாரிக்குள் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்கிறான். ஆக, பொய் சொல்வது அவன் கண்ணில் பெரிய குற்றம் இல்லை. பார்க்கிறவர்களுக்காக வாழ்வதுதான் குற்றம். அவன் பொய்யனாகவும் இருந்துகொண்டு மற்றவர்களை ‘ஃபோனி’ என்று திட்ட முடிவது இதனால்தான்.

சரி, அவன் தீர்ப்புகள் எல்லாமே அபத்தமா? இல்லை. சிலது கச்சிதமாகச் சரி. எல்க்டன் ஹில்ஸ் என்ற அவனுடைய பழைய பள்ளியில் ஹாஸ் என்று ஒரு தலைமை ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்குக் கை கொடுத்துக்கொண்டே போவார். அம்மா குண்டாகவோ, நாகரிகம் போதாதவராகவோ இருந்தால், அப்பா பழைய மோஸ்தர் கோட்டும் கறுப்பு வெள்ளைச் சப்பாத்தும் போட்டிருந்தால், ஒரு கைகுலுக்கல், ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்; அடுத்த பெற்றோரிடம் போய் அரை மணி நேரம் பேசுவார். இதைக் கவனிக்கும் பையனின் கண்ணில் ஒரு பழுதும் இல்லை. ஹோல்டன் இப்போது வெளியேற்றப்பட்ட பென்ஸி பள்ளிக்கு நன்கொடை கொடுத்து, விடுதிக் கட்டடத்துக்குத் தன் பெயரை வாங்கிக்கொண்ட ஆஸன்பர்கர் வேறு. பிணம் அடக்கம் செய்யும் தொழிலில் குறைந்த விலைக்கு இறங்கிப் பணம் பண்ணியவர். கார் ஓட்டும்போதுகூட ஏசுவிடம் பேசுவேன் என்று மேடையில் மாணவர்களுக்கு உபதேசம் செய்கிறார். கியரை மாற்றியபடி இன்னும் நாலு பிணம் அனுப்பி வையும் என்று கேட்பார் போல என்று ஹோல்டன் நினைத்துக்கொள்கிறான். எனக்குச் சிரிப்பு வருகிறது, அவன் பக்கம் நியாயம் இருப்பதும் தெரிகிறது. பதினாறு வயதில் பெரியவர்களின் இரட்டைக் கணக்கு இவ்வளவு துல்லியமாகக் கண்ணில் படும். பிறகு நாமே அந்தக் கணக்கைப் போட ஆரம்பித்ததும் கண் மங்கிவிடும்.

சிலது வெறும் மேட்டிமைத்தனம். பள்ளியை விட்டு வந்து நியூயார்க்கில் தங்கும் ஹோட்டலின் பாரில், சியாட்டிலிலிருந்து வந்த மூன்று பெண்களைச் சந்திக்கிறான். சினிமா நட்சத்திரம் யாராவது தென்படுவார்களா என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள், காலையில் சீக்கிரம் எழுந்து ரேடியோ சிட்டி அரங்கில் முதல் காட்சி பார்க்கப் போகிறோம் என்கிறார்கள். அதைக் கேட்டு இவனுக்கு மனம் சோர்ந்துபோகிறது. அவர்கள் தொப்பியைக்கூட விடாமல் கேலி செய்கிறான். நியூயார்க்கில் வசதியாக வளர்ந்த பையன் வெளியூர்க்காரர்களைப் பார்க்கும் பார்வை இது, வேறு பெயர் கிடையாது. இதை மென்மையாக்கிப் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த மூன்று பேரும் அவனைச் சின்னப் பையன் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவமானம் எங்கே பட்டதோ அங்கே அவன் நாக்கு கூர்மையாகிறது.

இந்த இடத்தில் பெட்டிக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லியாக வேண்டும். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. பலர் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிற பகுதியும் அதுதான். எல்க்டன் ஹில்ஸில் ஹோல்டனுக்கு டிக் ஸ்லாகில் என்று ஓர் அறைத்தோழன். அவன் பெட்டிகள் மலிவானவை. ஹோல்டனுடையவை அசல் தோல், பெயர்பெற்ற கடையில் வாங்கியவை. ஸ்லாகில் தன் பெட்டிகளை யாரும் பார்க்கக்கூடாது என்று கட்டிலுக்கு அடியில் தள்ளி வைப்பான். ஹோல்டனுக்கு இது தாங்கவில்லை. தன் பெட்டிகளைத் தூக்கி எறிந்துவிடலாமா, அவனோடு மாற்றிக்கொண்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறான். கடைசியில் தன் பெட்டிகளையும் கட்டிலுக்கு அடியில் வைக்கிறான். மறுநாள் பார்த்தால் ஸ்லாகில் அவற்றை எடுத்துத் திரும்பவும் மேலே அடுக்கியிருக்கிறான். ஏன் என்று ஹோல்டனுக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆகிறது: பார்க்கிறவர்கள் அவை ஸ்லாகிலுடையவை என்று நினைத்துக்கொள்ளட்டுமே என்பதற்காக.

அதே ஸ்லாகில்தான் ஹோல்டனின் சாமான்களை எல்லாம் ‘பூர்ஷ்வா’, அதாவது வசதியான வர்க்கத்தின் சொகுசு, என்று குத்திக் காட்டிக்கொண்டே இருப்பான். பேனா கூட பூர்ஷ்வா; அந்தப் பேனாவை எந்நேரமும் இரவல் வாங்குகிறவனும் அவனே. ஆரம்பத்தில் விளையாட்டாகச் சொல்கிறான், போகப் போக விளையாட்டு இல்லை என்று தெரிந்துவிடுகிறது. இரண்டு மாதத்தில் இருவருமே அறை மாற்றிக் கேட்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்புறம் அவனைக் காணோமே என்று ஏங்கியது ஹோல்டன்தான். பென்ஸியில் ஸ்ட்ராட்லேட்டர் போன்ற ஒருவனோடு ஒரே அறையில் இருக்கச் சம்மதித்ததற்கு ஒரு காரணம், அவன் பெட்டிகளும் தன்னுடையவை அளவுக்கு நல்லவை என்பது என்று அவனே சொல்கிறான். இங்கே எடைபோடுகிறவன் வேறு ஆள், எடைபோடப்படுகிறவன் ஹோல்டன். ‘பூர்ஷ்வா’ என்ற சொல்லின் அடியில் இருந்தது வெறுப்பு அல்ல, கூச்சமும் ஆசையும் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிகிறது. தன்னுடைய ‘ஃபோனி’யின் அடியில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரிவதில்லை. அதை வாசகரிடம் விட்டுவிட்டுச் சாலிஞ்சர் நகர்ந்துவிடுகிறார்.

அடியில் என்ன இருக்கிறது? நான் மாணவர்களிடம் சொல்கிற வழி ஒன்றுதான்: அவன் யாரைத் திட்டுகிறான் என்பதை விட்டுவிட்டு, எப்போது திட்டுகிறான் என்று குறித்துக்கொண்டே போங்கள். ஸ்ட்ராட்லேட்டர் ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்கிறான். ஒரு அறையையோ வீட்டையோ வர்ணித்தால் போதும். ஹோல்டன் அறையைப் பற்றி எழுத முடியாமல், இறந்துபோன தம்பி ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி எழுதுகிறான். ஆட்டத்தில் பந்து வராத நேரத்தில் படிப்பதற்காக அந்தப் பையன் கையுறை முழுக்கப் பச்சை மையில் கவிதைகளை எழுதி வைத்திருந்தான். ஸ்ட்ராட்லேட்டர் வெளியே போயிருப்பதோ ஜேன் காலகரோடு. ஹோல்டன் அந்தக் கையுறையை வீட்டாருக்கு வெளியே காட்டிய ஒரே ஆள் ஜேன். ஸ்ட்ராட்லேட்டர் திரும்பி வந்து கட்டுரையைப் படித்துவிட்டு, கேட்டது அறை, நீ எழுதியது கையுறை என்று கத்துகிறான். ஹோல்டன் வாங்கிக் கிழித்துப் போடுகிறான். கொஞ்ச நேரத்தில் சண்டை. நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றி அவன் உட்கார்ந்திருக்கும்போதும் இவன் ‘மடையா, மடையா’ என்பதை நிறுத்தவில்லை, தன் மூக்கு உடையும் வரை. இந்தப் புத்தகத்தின் மிகக் கடுமையான தீர்ப்பு இங்கேதான் வருகிறது. ஸ்ட்ராட்லேட்டர் நிஜமாகவே மந்தமானவனா என்பது இங்கே பேச்சே இல்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்பு இந்தப் பையன் செத்துப்போன தம்பியின் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆலி இறந்தது 1946 ஜூலை 18, ரத்தப் புற்றுநோயில். இந்த நாவலில் இப்படி நாள், மாதம், வருடம் என்று முழுத் தேதி சொல்லப்படும் சம்பவங்கள் மிகக் குறைவு. அப்போது ஹோல்டனுக்குப் பதின்மூன்று வயது. அன்று இரவு கார் கொட்டகையில் படுத்துக்கொண்டு, கண்ணாடி ஜன்னல்களை எல்லாம் கையாலேயே உடைக்கிறான். கை முறிந்ததால் இன்னும் அவனால் முஷ்டியை முழுசாக மடக்க முடியாது. உடைப்பதற்கு ஜன்னல் கிடைக்காத நாட்களில் அவன் வாயால் உடைக்கிறான் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இது என் வாசிப்பு. சாலிஞ்சர் அப்படி எங்கும் எழுதவில்லை. ஆனால் யாரெல்லாம் அவன் நாக்கிலிருந்து தப்புகிறார்கள் என்று பாருங்கள். செத்துப்போன ஆலி. பத்து வயதுத் தங்கை ஃபீபி. இரண்டு கன்னியாஸ்திரீகள். ஜேன்; இவன் மனதில் அவள் எப்போதும் செக்கர்ஸ் விளையாட்டில் ராஜாக்களைப் பின்வரிசையை விட்டு நகர்த்தாத பெண்ணாகவே இருக்கிறாள், தொலைபேசியில் கூப்பிடத்தான் துணிவு வருவதில்லை. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகள் அவனுக்குப் பிடிக்கக் காரணம், எத்தனை முறை போனாலும் உள்ளே ஒன்றும் மாறுவதில்லை, மாறியிருப்பது நீ மட்டும்தான் என்பது. வளர்ந்தவர்கள், மாறியவர்கள், சமாளித்துக்கொண்டவர்கள் எல்லாரும் அவன் கணக்கில் துரோகிகள். தம்பி பதினொன்றில் நின்றுவிட்டான். நிற்காமல் மேலே போகிற ஒவ்வொருவர்மேலும் அந்தக் கோபம் விழுகிறது. முதல் ஆளாக அவன்மேலேயே விழுகிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்ல வேண்டும்: அவன் வாய்க்கும் செயலுக்கும் சம்பந்தம் கிடையாது. ரயிலில் எர்னஸ்ட் மாரோ என்ற வகுப்புத்தோழனின் அம்மாவைச் சந்திக்கிறான். எர்னஸ்டைப் போல ஒரு கேடுகெட்டவன் அந்தப் பள்ளி வரலாற்றிலேயே கிடையாது என்று நம்மிடம் சொல்லிவிட்டு, அந்த அம்மாவிடம் உங்கள் மகன் கூச்ச சுபாவம், அடக்கம், அவனைத்தான் வகுப்புத் தலைவனாக்க எல்லாரும் விரும்பினோம் என்று அளக்கிறான். தன் பெயரைக்கூட மாற்றிச் சொல்கிறான். விடுதியில் பெருக்குகிறவரின் பெயரைச் சொல்கிறான். பொய்தான். ஆனால் அந்த அம்மா ரயிலை விட்டு இறங்கும்போது மகனை நினைத்துப் பெருமையோடு இறங்கியிருப்பார். கன்னியாஸ்திரீகள் வெறும் ரொட்டியும் காபியும் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத் தன் தட்டில் இருக்கும் பன்றி இறைச்சியும் முட்டையும் உறுத்த, பத்து டாலர் நன்கொடை கொடுக்கிறான். அவர்கள் போனபிறகு இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கலாமே என்று தவிக்கிறான். அந்தப் பெட்டிக் கதை நினைவுக்கு வருவதும் அந்த மேஜையில்தான், அவர்களுடைய மலிவான பெட்டிகளைப் பார்த்து. முகத்துக்கு நேரே யாரையாவது புண்படுத்துவது அபூர்வம். தோழி சாலி ஹேய்ஸிடம் ஒருமுறை அப்படிப் பேசிவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டுக் கெஞ்சுகிறான்.

ஃபீபி அவனை மடக்குகிற காட்சியோடு நாவல் திசை திரும்புகிறது. நடக்கிற எதுவுமே உனக்குப் பிடிக்காது, பிடித்த ஒன்றே ஒன்றைச் சொல் பார்க்கலாம் என்கிறாள் அந்தச் சிறுமி. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தக் கன்னியாஸ்திரீகள் ஞாபகம் வருகிறார்கள், அப்புறம் ஜேம்ஸ் காசில். எல்க்டன் ஹில்ஸில் ஒரு பையனைத் தலைக்கனம் பிடித்தவன் என்று காசில் சொல்லிவிட்டான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள் என்று ஏழெட்டுப் பேர் அறைக்குள் புகுந்து கொடுமைப்படுத்துகிறார்கள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை, ஜன்னல் வழியே குதித்துச் செத்துப்போகிறான். அப்போது அவன் போட்டிருந்தது ஹோல்டனிடம் இரவல் வாங்கிய ஸ்வெட்டர். பல முறை படித்தபிறகுதான் இது எனக்கு உறைத்தது. தன் தீர்ப்புக்காக உயிரை விட்ட ஒருவனை ஹோல்டன் பார்த்திருக்கிறான், தன் சட்டைக்குள்ளேயே பார்த்திருக்கிறான். அதற்குப் பக்கத்தில் வைத்தால் இவன் நாள் முழுக்க விநியோகிக்கும் ‘ஃபோனி’கள் சில்லறைக் காசு மாதிரி. அது அவனுக்கே தெரிகிறதோ என்று நான் சந்தேகப்படுவதுண்டு. பிடித்தது யார் என்று மறுபடி கேட்டதற்கு ஆலி என்கிறான். ஆலிதான் செத்துப்போய்விட்டானே என்கிறாள் ஃபீபி.

கதை சொல்பவனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியும் இங்கே வருகிறது. ‘நம்பத்தகாத கதைசொல்லி’ என்ற சொல்லை வேன் பூத் என்ற அமெரிக்க விமர்சகர் 1961இல் ஒரு புத்தகத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வகுப்பறைகளில் அதற்கு ஹோல்டன்தான் கைவசமுள்ள உதாரணம். என்னைப் போலப் பொய் சொல்கிறவனை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள் என்று அவனே ஒத்துக்கொள்கிறான். அதே வாயால் பக்கத்துக்குப் பக்கம் ‘உண்மையைச் சொல்லணும்னா’ என்றும் சேர்த்துக்கொள்கிறான். நாம் நம்ப மாட்டோமோ என்ற பயம் இல்லாத ஆளுக்கு அந்தத் தொடர் தேவைப்படாது. சினிமா என்றாலே வெறுப்பு என்பான். ஆனால் ஹோட்டல் அறையில் லிஃப்ட்காரன் மாரிஸ் வயிற்றில் குத்திவிட்டுப் போனதும், குண்டடி பட்ட கதாநாயகன் மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி நடந்து பார்க்கிறான். பார்வையாளர் யாரும் இல்லாமல் நடிக்கிறான். மற்றவர்களிடம் அவன் வெறுப்பது தன்னிடம் இருப்பதைத்தான் என்று இங்கே சொல்லத் தோன்றும். ஓரளவு உண்மை, ஆனால் அப்படி ஒரே வரியில் முடித்தால் ஹாஸைப் பற்றி அவன் சொன்னது சரி என்பது அடிபட்டுப்போகும்.

உளவியலில் இதற்குத் துணை இருக்கிறதா என்றால், பொதுவாக இருக்கிறது. தான் யார் என்று தெளிவாகாத குழப்பத்திலிருந்து தப்பிக்கத்தான் பதின்ம வயதினர் மற்றவர்களைக் கொடூரமாக ஒதுக்குகிறார்கள் என்ற பொருளில் எரிக் எரிக்சன் 1950இல் எழுதினார். 1967இல் டேவிட் எல்கைண்ட் இன்னொன்றைச் சொன்னார்: அந்த வயதில் எல்லாரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக ஒரு கற்பனைக் கூட்டம் மனதுக்குள் உட்கார்ந்திருக்கும். எர்னியின் பியானோவை ரசிக்காமல் அவர் தலைகுனிவை எடைபோடும் பையனுக்கு இது நன்றாகவே பொருந்தும். தன்னை ஒரு கூட்டம் பார்க்கிறது என்று நினைப்பவன்தான் மற்றவர்களும் கூட்டத்துக்காகவே வாழ்கிறார்கள் என்று நினைப்பான். இதற்கு மேல் போய் ஹோல்டனுக்கு இன்ன நோய் என்று சீட்டெழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கலிஃபோர்னியாவில் ஓய்வெடுக்கும் ஓரிடத்திலிருந்து, நடந்து முடிந்து சில மாதங்கள் கழித்து இதைச் சொல்கிறான். அங்கே ஒரு மனநல மருத்துவர் கேள்வி கேட்கிறார். நாவல் தருவது இவ்வளவுதான், நோயின் பெயர் இல்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஐந்தாம் அவென்யூவில் நடக்கும் காட்சி. ஒவ்வொரு தெருமுனையிலும் நடைபாதையை விட்டு இறங்கும்போது எதிர்ப்பக்கம் போய்ச் சேர மாட்டோம், அப்படியே காணாமல் போய்விடுவோம் என்று அவனுக்குப் பயம் வந்துவிடுகிறது. ஆலி, என்னைக் காணாமல் போக விட்டுவிடாதே என்று தம்பியிடம் கெஞ்சுகிறான். அந்தப் பக்கம் ஏறியதும் நன்றி சொல்கிறான். ஊரையே எடைபோட்டுக்கொண்டிருந்தவன் இவன்தான்.

இனி அந்த இரண்டாவது கேள்வி: சாலிஞ்சரும் இப்படித்தான் நினைத்தாரா? ஹோல்டனின் வாயில் சாலிஞ்சரின் சில வெறுப்புகள் இருப்பது உண்மை. அவரே வேலி ஃபோர்ஜ் என்ற ராணுவப் பள்ளி விடுதியில் படித்தவர். அவருடைய ஒரு கதையை ஹாலிவுட் 1949இல் படமாக்கியது. அது பிடிக்காமல் போய், பிறகு இந்த நாவலுக்குப் படமாக்கும் உரிமையை யாருக்கும் தரவில்லை. 1953இல் நியூ ஹாம்ஷயரில் கார்னிஷ் என்ற சின்ன ஊருக்குப் போனவர் 2010இல் இறக்கும் வரை பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல்தான் இருந்தார். ஒரு நல்ல புத்தகத்தைப் படித்தால் எழுதியவருக்கு உடனே தொலைபேசியில் பேசலாம் போல இருக்க வேண்டும் என்று ஹோல்டன் சொல்லியிருப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. எத்தனை வாசகர்கள் அந்த எண்ணைத் தேடியிருப்பார்கள். இதையெல்லாம் வைத்து இருவரும் ஒன்று என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும்.

ஆனால் ஒரு விவரம் குறுக்கே நிற்கிறது. சாலிஞ்சர் 1944 ஜூன் 6, நார்மண்டியில் படைகள் இறங்கிய அன்றே யூட்டா கடற்கரையில் இறங்கிய சிப்பாய். ஹூர்ட்கென் காட்டுப் போரைக் கடந்து வந்தவர். 1945இல் போரினால் வந்த மன உளைச்சலுக்காக மருத்துவமனையில் இருந்தார். நாவலில் அந்தப் போர் அனுபவத்தை அவர் ஹோல்டனுக்குக் கொடுக்கவில்லை. அண்ணன் டி. பி.க்குக் கொடுத்தார். டி. பி.தான் நாலு வருடம் ராணுவத்தில் இருந்தவன், அந்த நாளில் கடற்கரையில் இறங்கியவன், விடுமுறைக்கு வந்தால் கட்டிலை விட்டு எழுந்திருக்காமல் கிடந்தவன், சிறுகதை எழுத்தாளன். முதல் பக்கத்திலேயே ஹோல்டன், அவன் ஹாலிவுட்டுக்கு எழுதப்போய் விலைபோய்விட்டான் என்று பச்சையாகத் திட்டுவதும் அந்த டி. பி.யைத்தான். தன் உடம்பில் பட்டதை எடுத்துத் தன் கதைசொல்லி மிக அலட்சியமாக எடைபோடும் ஆளுக்குக் கொடுத்த எழுத்தாளர், அந்தக் கதைசொல்லியின் தீர்ப்புகளை நாம் அப்படியே விழுங்க வேண்டும் என்று நினைத்திருக்க முடியாது. இந்த நாவலே போரைப் பற்றியதுதான், ஆலியின் சாவு அங்கே செத்தவர்களுக்கான மறைபொருள் என்று சொல்வோரும் உண்டு. கவர்ச்சியான வாதம், நான் பாதி வழி வரை போவேன், அதற்கு மேல் பக்கத்தில் பிடி இல்லை.

முடிவாகச் சொல்ல முடியாத இன்னொரு இடம் ஆண்டோலினி. ஜேம்ஸ் காசில் விழுந்து கிடந்தபோது அருகில் போய்த் தன் கோட்டைப் போர்த்தித் தூக்கிப் போன ஆசிரியர் அவர். போக்கிடம் இல்லாத இரவில் ஹோல்டன் அவர் வீட்டுக்குப் போகிறான். முப்பது வயதில் ஒரு பாரில் உட்கார்ந்துகொண்டு உள்ளே வருகிறவனை எல்லாம் வெறுக்கிற ஆளாக நீ ஆகிவிடுவாய் என்று எச்சரிக்கிறார். நீங்கள் கேட்ட கேள்வியை நாவலுக்குள்ளேயே கேட்பவர் அவர்தான். ஹோல்டன் சொல்லும் பதிலும் கவனிக்க வேண்டியது: ஸ்ட்ராட்லேட்டரையோ பக்கத்து அறை ஆக்லியையோ சில நேரம் வெறுப்பேன், ஆனால் ரொம்ப நாள் நீடிக்காது, கொஞ்ச நாள் பார்க்காவிட்டால் தேட ஆரம்பித்துவிடும் என்கிறான். பிறகு நடு இரவில் விழித்துப் பார்த்தால் ஆண்டோலினி இவன் தலையைத் தடவிக்கொண்டிருக்கிறார். பயந்து ஓடிவிடுகிறான். அது பாசமா, வேறு ஏதாவதா? நாவல் வேண்டுமென்றே கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. சந்தேகப்படவும் ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு எல்லா உரிமையும் உண்டு. என் கவனம் அதற்கு அடுத்த அத்தியாயத்தில். ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நான் தப்பாக நினைத்துவிட்டேனோ, காசிலைத் தூக்கியவர் அல்லவா அவர் என்று குழம்புகிறான். புத்தகம் முழுக்கத் தீர்ப்பு சொன்னவன் தன் தீர்ப்பின்மேல் தானே அப்பீலுக்குப் போகிற இடம் அது.

கடைசி அத்தியாயம் ஒரு பக்கம் சொச்சம்தான். கதையை ஏன்தான் இத்தனை பேரிடம் சொன்னேனோ என்று வருத்தப்படுகிறான், ஏனென்றால் சொல்லச் சொல்ல எல்லாரையும் தேட ஆரம்பித்துவிட்டதாம். ஸ்ட்ராட்லேட்டரை, ஆக்லியை, வயிற்றில் குத்திப் பணம் பிடுங்கிய மாரிஸைக்கூட. அந்த மாரிஸ் பெயரில் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சிரிப்பு எழும், அப்புறம் அடங்கிவிடும்.

நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள் என்று எழுதவில்லை. பாதி என்றால் ஏறக்குறைய பதினான்காம் அத்தியாயமாக இருக்க வேண்டும். மாரிஸிடம் அடி வாங்கிப் படுத்திருப்பான். பதினைந்தில்தான் கன்னியாஸ்திரீகளும் அந்தப் பெட்டிகளும் வருகின்றன, இருபது நிமிடத்தில் படித்துவிடலாம். அதைப் படித்தபிறகும் அவனைச் சகிக்க முடியவில்லை என்றால் தாராளமாக மூடி வைத்துவிடுங்கள். அண்ணன் கட்டாயப்படுத்திப் படிக்கவைத்த ஹெமிங்வேயைக்கூட ‘ஃபோனி’ என்று தள்ளியவன் அவன், அதனால் உங்கள்மேல் கோபித்துக்கொள்ள மாட்டான்.